முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள்

அக்கா, நேற்று பாம்பனிலிருந்து கூப்பிட்டபோது படகுச் சத்தத்தில் நீங்கள் பேசியதில் பாதி கேட்கவில்லை, அதனால் எழுதியே அனுப்புகிறேன். "ஆயிரக்கணக்கில் கட்டுரை போட்ட நீரிழிவு ஆராய்ச்சி நிலையமாம், பாப்பாவை அங்கே ஆராய்ச்சி படிக்கச் சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்வாளா?" என்று கேட்டீர்கள் இல்லையா?

அந்த எண்ணிக்கை பொய்யில்லை, ஆனால் அது பாப்பாவுடையது இல்லை. கட்டுரை எண்ணிக்கையோடு ஹெச்-இண்டெக்ஸ் என்றும் ஒன்று சொல்வார்கள், கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டினார்கள் என்பதன் அளவு அது. அது 50 என்றால் குறைந்தது 50 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் 50 தடவையாவது மற்றவர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது பல வருடம் சேர்ந்த மதிப்பு, புதிதாகச் சேர்பவளுக்கு அதில் பங்கு வராது.

அங்கே வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷனும், ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய 'இந்தியாப்' (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் என்று இன்று பலரும் சொல்வது அதிலிருந்துதான். அந்த ஒரு எண்ணுக்காக 2008 முதல் 2020 வரை 1,13,043 பேரை வீடு தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், அப்புறம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து 2 மணி நேரம் காத்திருந்து இன்னொரு சொட்டு. ஆராய்ச்சி என்றால் பாதி இந்த வேலைதான், பாப்பாவுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள். அவளுக்கு இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

அவள் சேர நினைக்கும் ஆராய்ச்சி வழிகாட்டியின் கடைசி 5 வருடக் கட்டுரைகளை எடுத்து, முதலில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வேலையை முன்னின்று செய்தவர் பெயர்தான் பெரும்பாலும் முதலில் வரும், வழிகாட்டி பெயர் கடைசியில். முதலிடத்தில் மாணவர்கள் பெயர் அடிக்கடி வந்தால் நல்ல இடம், எங்கு தேடியும் வரவில்லை என்றால், நிலையம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம்.

செலவை நினைத்துத்தான் பயப்படுகிறீர்கள், தெரியும். எம்.எஸ்சி. கடைசி வருடத்திலேயே சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதட்டும். அதில் ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ப்ராஜெக்ட் வேலை அப்படி இல்லை, ப்ராஜெக்ட் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும், அதை நம்பி கடன் வாங்காதீர்கள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாப்பாவைப் பேசச் சொல்லுங்கள், பார்த்துவைத்த வழிகாட்டிகள் பெயரோடு.