ஆறு பிளேடு ஏன் தோற்றது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறிய காற்றாலை செய்திருக்கிறோம். விட்டம் 40 செ.மீ., பிவிசி குழாயில் வெட்டிய பிளேடுகள். 12 வோல்ட், 6000 ஆர்பிஎம் டிசி மோட்டார் ஒன்றை ரோட்டரின் தண்டில் நேராக மாட்டி ஜெனரேட்டராகப் பயன்படுத்துகிறோம். அதன் உள் மின்தடை 8 ஓம். சுமையில்லாமல் ஓடும்போது 50 மில்லிஆம்பியர் இழுக்கிறது. பெரிய மின்விசிறி ஒன்றின் முன் வைத்துச் சோதிக்கிறோம். காற்று வேகம் விநாடிக்கு 4 மீட்டர். 10 ஓம் ரெசிஸ்டரை இணைத்தால் மூன்று பிளேடில் 950 ஆர்பிஎம், 1.05 வோல்ட் கிடைக்கிறது. அதே பிளேடுகளை ஆறாக்கியதும் 620 ஆர்பிஎம், 0.69 வோல்ட் என்று இறங்கிவிட்டது. காற்றைப் பிடிக்கும் பரப்பு இரண்டு மடங்கானால் மின்சாரம் கூட வேண்டும் அல்லவா? 'மூன்று பிளேடே சிறந்தது' என்று முடிவுரை எழுதச் சொல்கிறார் எங்கள் வழிகாட்டி. நண்பர்களோ மோட்டாரை மாற்றலாம் என்கிறார்கள். எங்கே தவறு? இப்படிப்பட்ட ப்ராஜெக்டில் உண்மையாகவே எதையாவது கற்றுக்கொள்வது எப்படி?

– ஒரு மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

மோட்டாரின் உள் மின்தடையையும் சுமையில்லா மின்னோட்டத்தையும் அளந்து எழுதியிருக்கிறீர்கள். பலர் இதைச் செய்வதில்லை. உங்கள் கேள்விக்கான பதில் அந்த இரண்டு எண்களுக்குள்தான் இருக்கிறது.

முதலில் பரப்பு. காற்றாலை பிடிக்கும் காற்றைத் தீர்மானிப்பது பிளேடுகளின் மொத்தப் பரப்பு அல்ல, அவை சுழன்று மூடும் வட்டம். மூன்றானாலும் ஆறானாலும் உங்கள் வட்டம் 0.126 சதுர மீட்டர்தான். 4 மீட்டர் வேகத்தில் அதன் வழியே போகும் காற்றின் திறன் சுமார் 4.8 வாட். இதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த ரோட்டரும் எடுக்க முடியாது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-ல் காட்டினார். கையால் வெட்டிய சிறு பிளேடுகளுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், தண்டில் 0.72 வாட். ரெசிஸ்டரில் உங்களுக்குக் கிடைத்தது மூன்று பிளேடில் 0.11 வாட், ஆறில் 0.048. மீதி எங்கே போனது?

உங்கள் மோட்டார் ஒரு ஆர்பிஎம்முக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் தரும். 950 ஆர்பிஎம்மில் உள்ளே பிறப்பது 1.9 வோல்ட். 8 ஓம் உள்ளே, 10 ஓம் வெளியே, மின்னோட்டம் 0.105 ஆம்பியர். நீங்கள் அளந்த 1.05 வோல்ட்டுடன் சரியாகப் பொருந்துகிறது. உள் மின்தடையில் வீணாவது 0.09 வாட், மோட்டாரின் உராய்வு தின்பது இன்னொரு 0.09. எல்லாவற்றையும் கூட்டினாலும் ரோட்டர் காற்றிலிருந்து எடுத்தது 0.3 வாட்டுக்குக் கீழே. தன்னால் முடிந்ததில் பாதியைக்கூட அது எடுக்கவில்லை.

காரணம், உங்கள் ரோட்டர் வேண்டிய அளவுக்கு மேல் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பிளேடு நுனியின் வேகத்தைக் காற்றின் வேகத்தால் வகுத்தால் வரும் நுனிவேக விகிதத்தைப் பாருங்கள். 950 ஆர்பிஎம்மில் நுனி விநாடிக்கு 20 மீட்டர் போகிறது, விகிதம் 5. உங்கள் பிளேடின் அகலத்துக்கு உச்சத் திறன் 4-ஐ ஒட்டி, அதாவது 760 ஆர்பிஎம் அருகே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த வேகத்துக்கு ரோட்டரை இழுத்துப்பிடிக்க மோட்டாருக்கு வலு போதவில்லை. ரெசிஸ்டரை எடுத்துவிட்டு இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கினாலும் 760 ஆர்பிஎம்மில் இந்த மோட்டார் உள்வாங்குவது, உராய்வையும் சேர்த்து, 0.37 வாட்தான்.

அதே அகலமுள்ள பிளேடுகளை இரட்டிப்பாக்கினால் உச்சம் வரும் விகிதம் கிட்டத்தட்ட இரண்டின் வர்க்கமூலத்தால் குறையும். 4 என்பது 2.8 ஆகும். அதாவது சுமார் 535 ஆர்பிஎம். அந்த வேகத்தில் கம்பிகளை முறுக்கிய நிலையிலும் மோட்டார் இழுப்பது 0.2 வாட். ஆகவே ஆறு பிளேடு ரோட்டர் தன் உச்சத்தின் பக்கமே போகவில்லை. மெதுவாக ஓடி அதிகத் திருப்புவிசை தரும் ரோட்டரை, வேகத்தில் மட்டுமே வோல்ட் தரும் மோட்டாருடன் பூட்டியிருக்கிறீர்கள். இரண்டு பேரின் கால்வலுவை ஒப்பிட இருவரையும் ஒரே கியரில் சைக்கிள் மிதிக்கச் சொல்வது போன்றது இது. சோதனையில் தோற்றது பிளேடு அல்ல, பொருத்தம்.

இப்போது ரோட்டர் தண்டில் 60 மி.மீ. புல்லி, மோட்டாரில் 20 மி.மீ. புல்லி மாட்டி, ஓ-ரிங் ஒன்றைப் பெல்ட்டாகப் போடுங்கள். மோட்டார் மூன்று மடங்கு வேகமாகச் சுழலும், அதே மின்னோட்டத்துக்கு ரோட்டர் உணரும் திருப்புவிசையும் மூன்று மடங்காகும். இரண்டு ரோட்டருக்கும் அதே 0.72 வாட் என்று வைத்து, பெல்ட் இழப்பைச் சேர்க்காமல் கணக்குப் போட்டால் ஆறு பிளேடு 10 ஓமிலேயே 0.3 வாட் தர வேண்டும். இப்போது கிடைப்பதைப் போல ஆறு மடங்கு. மூன்று பிளேடுக்கு 33 ஓம் அருகே 0.4 வாட் வரும். ஆனால் அதே மூன்று பிளேடை 10 ஓமுடன் இணைத்தால் சுமை மிகுந்து வேகம் விழும். வேகம் விழுந்ததும் பிளேடு காற்றைச் சந்திக்கும் கோணம் கூடி ஸ்டால் ஆகும், அதாவது காற்று பிளேடின் பரப்பைவிட்டுப் பிரிந்து அதைத் தள்ளும் விசை விழும். வெளியீடு ஆறு பிளேடுக்குக் கீழே போய்விடக்கூடும். 33 ஓமில் சோதித்தவர் மூன்று என்பார், 10 ஓமில் சோதித்தவர் ஆறு என்பார். இருவர் அளவீடும் பிழையற்றது. இருவர் முடிவும் தவறு.

ஆகவே உங்கள் வழிகாட்டி சொல்லும் முடிவுரையை எழுதாதீர்கள். ஒரு வடிவ மாற்றத்தை ஒரே ஒரு சுமையில் அளந்து தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் 2.2, 4.7, 10, 22, 33, 47, 100 ஓம் என்று ரெசிஸ்டர்களை மாற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் வோல்ட்டும் ஆர்பிஎம்மும் எடுத்து, முழு வளைவையும் வரைந்து, உச்சத்தை உச்சத்தோடு ஒப்பிடுங்கள். இது புதிய ஞானம் ஒன்றுமில்லை. 1759-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தந்த கட்டுரையில் நீர்ச்சக்கரம், காற்றாலை இரண்டின் மாதிரிகளையும் இப்படித்தான் சோதித்தார். சக்கரம் தூக்கும் தட்டில் எடையைக் கூட்டிக் குறைத்து, ஒவ்வொரு ஏற்பாட்டிலும் அதிகபட்ச வேலை எங்கே வருகிறது என்று தேடினார். மேலிருந்து நீர் விழும் சக்கரம், அடியில் நீர் தள்ளும் சக்கரத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு திறனுள்ளது என்று அவர் நிறுவியது இந்த முறையால்தான். அதற்காக அந்தச் சொசைட்டியின் காப்ளி பதக்கமும் கிடைத்தது. எடையை ஒரே அளவில் வைத்திருந்தால் அவருக்கும் உங்களுக்கு வந்ததைப் போன்ற குழப்பமான விடைதான் வந்திருக்கும்.

அடுத்தது பிளேடின் சாய்வு. மூன்றை ஆறாக்கியபோது சாய்வை அப்படியே வைத்தீர்கள் என்று தெரிகிறது. விகிதம் 4-இல் நுனியில் காற்று வந்து சேரும் கோணம் சுமார் 9.5 பாகை, பிளேடுக்கு 5 பாகை தாக்குகோணம் (வரும் காற்றுக்கும் பிளேடுக்கும் இடையிலான கோணம்) விட்டால் நுனிச் சாய்வு நாலரை. விகிதம் 2.8-இல் காற்று 13 பாகையில் வரும், சாய்வு எட்டாக வேண்டும். மூன்று, நாலு பாகை சின்ன விஷயமில்லை. ஸ்டால் ஆவதற்கும் ஆகாததற்கும் இடையிலான தூரமே சில பாகைதான். 'ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று' என்று ஆய்வகத்தில் சொல்லிக்கொடுப்பதை அப்படியே பிடித்துக்கொண்டால் இந்த இடத்தில் இடறும். ஒன்றை மாற்றுங்கள், ஆனால் அதைச் சார்ந்திருப்பவற்றை அதற்கேற்பத் திருத்திய பிறகு அளவெடுங்கள். எவை எவை சார்ந்திருக்கின்றன என்று கண்டுபிடிப்பதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது. பிளேடு வேரில் இரண்டு எம்4 போல்ட் வைத்து, அவற்றில் ஒன்றுக்கான துளையை நீள்வட்டமாக்கினால் சாய்வைச் சரிசெய்யலாம். ஆறு பிளேடும் ஒரு பாகைக்குள் ஒத்திருக்கட்டும்.

பிளேடின் முறுக்கையும், அதாவது வேரிலிருந்து நுனிக்குள் சாய்வு எவ்வளவு மாறுகிறது என்பதையும் பாருங்கள். விகிதம் 4-க்கு வடிவமைத்த பிளேடில் நுனிக்கு நாலரை பாகை என்றால், மையத்திலிருந்து கால் பங்கு தொலைவில் 29 பாகை வேண்டும். குழாயை நீளவாக்கில் நேராக வெட்டினால் முறுக்கே வராது, சாய்த்து வெட்ட வேண்டும். 110 மி.மீ. குழாயில் 20 பாகை முறுக்குக்கு, பிளேடின் நடுக்கோடு வேரிலிருந்து நுனிக்குள் சுற்றளவுத் திசையில் 19 மி.மீ. நகர வேண்டும். அகலம் மூன்று பிளேடுக்கு நுனியில் 29 மி.மீ., நடுவில் 55. அதே நுனிவேக விகிதத்தில் ஆறு பிளேடு வேண்டுமென்றால் அகலம் பாதியாகும். அங்கே வேறொரு சிக்கல்: ரெனால்ட்ஸ் எண் (காற்றின் பிசுபிசுப்போடு ஒப்பிடும்போது அதன் வேகமும் பிளேடின் அகலமும் எவ்வளவு பெரியவை என்று சொல்லும் எண்) நுனியில் முப்பதாயிரத்திலிருந்து பதினைந்தாயிரமாக விழும், பிளேடைத் தடுக்கும் காற்றின் இழுவை கூடும். சிறு ரோட்டர்களில் பிளேடுகளின் எண்ணிக்கையைக் கூட்டித் தோற்பவர்கள் பெரும்பாலும் இதில் தோற்கிறார்கள். (இதே காரணத்தால், புத்தகத்தில் பார்த்த தடித்த ஏரோஃபாயிலை (விமான இறக்கை போன்ற வடிவத்தை) 3டி பிரிண்டரில் அச்சிட்டு மாட்டும் ஆசையையும் விடுங்கள். இந்த அளவில் மெல்லிய வளைந்த தகடு அதை வெல்லும். பிவிசி மலிவுக்காக மட்டும் பொருந்தும் பொருள் அல்ல.)

ஆறு பிளேடுக்கு உண்மையான சாதகம் ஒன்று உண்டு, அது உங்கள் அட்டவணையில் வரவே இல்லை. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் திருப்புவிசை. உங்கள் மோட்டாரின் உராய்வு சுமார் 1 மில்லிநியூட்டன் மீட்டர். 1:3 பெல்ட் போட்டதும் ரோட்டருக்கு அது மூன்றாகத் தெரியும். மூன்று பிளேடு ரோட்டர் 4 மீட்டர் காற்றில் தானாகக் கிளம்ப மறுக்கலாம். கையால் சுண்டிவிட்டால் ஓடும். மின்விசிறியைக் குறைந்த வேகத்திலிருந்து மெல்லக் கூட்டி, எந்தக் காற்று வேகத்தில் ரோட்டர் தானாகக் கிளம்புகிறது என்று இரண்டுக்கும் குறித்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் பேரிங் உராய்வு கூடி இந்த எண் கெட்டுப்போகும். வழுக்காத அளவுக்கு மட்டும் இறுக்கம் போதும்.

அளவீட்டில் மிகவும் பயப்பட வேண்டியது காற்று வேகம். திறன் அதன் மூன்றாம் அடுக்கில் போகிறது; வேகத்தில் 5 சதவீதம் பிசகினால் திறனில் 15 சதவீதம். மின்விசிறிக் காற்று நடுவில் மெதுவாகவும் விளிம்பை ஒட்டி வேகமாகவும் வரும். போதாததற்குத் தானே சுழன்றுகொண்டும் வரும். அந்தச் சுழல் ரோட்டர் திசையிலேயே இருக்கிறதா எதிரா என்பதைப் பொறுத்து விடை மாறும். உறிஞ்சு குழல்களை அடுக்கித் தேன்கூடு போல ஒரு சட்டம் செய்து விசிறிக்கும் ரோட்டருக்கும் நடுவே வையுங்கள். குழலின் நீளம் அதன் விட்டத்தைப் போல ஆறிலிருந்து எட்டு மடங்கு இருக்கட்டும். பிறகு ரோட்டரை எடுத்துவிட்டு, அது இருந்த தளத்தில் குறைந்தது ஒன்பது புள்ளிகளில் வேகம் எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்றாம் அடுக்காக்கிச் சராசரி பாருங்கள். கணக்கில் 60 சதவீதத்தைத் தாண்டிய திறன் வந்தால் பெட்ஸை வென்றுவிட்டதாக நினைக்காதீர்கள். காற்று வேகம் அளக்கும் அனிமோமீட்டரை மெதுவான நடுப்பகுதியில் வைத்துவிட்டீர்கள் என்று பொருள். விட்டத்தைக் கூட்டிப் பார்க்கும் எண்ணமிருந்தால் விசிறியின் காற்றோட்டம் எவ்வளவு அகலம் என்று முதலில் பாருங்கள். நுனி அதற்கு வெளியே போனால் வெறும் இழுவைதான் மிஞ்சும்.

மின்னோட்டத்தை மல்டிமீட்டரின் ஆம்பியர் முனையில் அளக்க வேண்டாம். மீட்டரின் சொந்த மின்தடை உங்கள் சின்ன ரெசிஸ்டரோடு சேர்ந்துகொள்ளும். வோல்ட்டை மட்டும் எடுத்து ரெசிஸ்டரால் வகுத்தால் போதும். மோட்டாரின் 8 ஓமையும் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பத்து நிலைகளிலாவது எடுங்கள். பிரஷ் தொடும் இடத்துக்கு இடம் அது மாறும்.

எப்படிக் கற்பது என்று கேட்டீர்கள். எதையும் மாற்றுவதற்கு முன்னால், அதே மூன்று பிளேடைக் கழற்றித் திரும்ப மாட்டி ஐந்து தடவை அளந்து பாருங்கள். எண்கள் 8 சதவீதம் சிதறினால், அதற்குக் குறைவான எந்த முன்னேற்றத்தையும் உங்கள் ஏற்பாட்டால் பார்க்க முடியாது. அதற்குப் பிறகு மூன்று, ஆறு, மறுபடி மூன்று என்ற வரிசையில் சோதியுங்கள். நடுவில் ஏதாவது நகர்ந்திருந்தால் கடைசி அளவு காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, நான் இதைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் என்ன எண் வரும் என்று கணக்குப் போட்டு நோட்டில் எழுதுங்கள், பேனாவால். மேலே நான் போட்ட கணக்கெல்லாம் பத்து நிமிட வேலை. 0.3 என்று எழுதி 0.28 வந்தால் நகருங்கள். 0.12 வந்தால் அந்த நாளை அங்கேயே செலவிடுங்கள். பெல்ட் வழுக்குகிறதா, சாய்வு தவறா, 15 சதவீதம் என்ற என் ஊகமே அதிகமா என்று தேடுவதில் கிடைப்பது எந்த வகுப்பிலும் கிடைக்காது. முன்கூட்டி எழுதாதவருக்கு 0.12 வெறும் ஓர் அளவு. அட்டவணையில் ஏறி உட்கார்ந்துவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒரே வரி: 20 மீட்டர் என்பது மணிக்கு 72 கிலோமீட்டர், ரோட்டர் சுழலும் தளத்தில் யாரும் நிற்கக்கூடாது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், நட்டுகள் நைலான் பூட்டு உள்ளவையாக இருக்கட்டும்.

மோட்டாரை மாற்றுவது பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது தவறில்லை. பெல்ட் சோதனை முடிந்த பிறகு செய்யுங்கள், எது தேவை என்று அப்போது தெரிந்திருக்கும். ஒரு ஆர்பிஎம்முக்கு 6 மில்லிவோல்ட்டுக்குக் குறையாமல் தரும், உள் மின்தடை குறைந்த டிசி மோட்டார் ஒன்று பெல்ட்டின் வேலையைத் தானே செய்துவிடும். பழைய பிரிண்டரிலிருந்து எடுத்த ஸ்டெப்பர் மோட்டாரை யாராவது சிபாரிசு செய்வார்கள். குறைந்த வேகத்திலேயே நல்ல வோல்ட் தரும், உண்மைதான். ஆனால் தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள், படிப்படியாகத் தடுக்கும். அந்தத் தடையை 4 மீட்டர் காற்றில் மூன்று பிளேடு தாண்டாமல் போகலாம். அதோடு அது தருவது மாறுமின்னோட்டம், அதன் இரண்டு கம்பிச்சுருளுக்கும் தனித்தனி பிரிட்ஜ் (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடு அமைப்பு) வேண்டும். சாதாரண சிலிக்கான் டயோடில் ஒவ்வொரு பிரிட்ஜும் 1.4 வோல்ட் விழுங்கும். குறைவாக விழுங்கும் ஷாட்கி டயோடு போடுங்கள்.