பழைய மலைப் படங்களில் வானம் ஏன் வெறுமையாக இருக்கிறது?

தொடக்ககால இமயமலைப் புகைப்படங்களில் வானம் வெள்ளையாகத் தெரிவது ஏன் என்றும், அவற்றைக் கலையாகக் கருதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அன்று படமெடுக்கப் பயன்பட்ட ஈரக் கொலோடியன் தகடு (கொலோடியன் என்னும் பசை போன்ற திரவம் பூசிய கண்ணாடி) நீல ஒளியை மிகையாக உள்வாங்கியதால், நிலப்பகுதி சரியாகப் பதிவதற்குள் வானம் முற்றிலும் வெளிறிவிடும். கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியனைச் சீராகப் பரப்பி, இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்து, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியாக வேண்டும். நாட்டிங்காமில் வங்கி எழுத்தராக இருந்து 1863இல் இந்தியா வந்த புகைப்படக் கலைஞர் சாமுவேல் பார்ன், 1866இல் ஏறத்தாழ 18,600 அடி உயரமுள்ள இமயமலையின் மணிரங் கணவாயில், விரல் விறைக்கும் குளிரில் இதைச் செய்து முடித்தார் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. கண்ணாடியையும் ரசாயனக் குப்பிகளையும் மலையேற்றியவர்கள் உள்ளூர்ச் சுமைகூலிகள். அவர்களின் பெயர்கள் படங்களின் அடியில் இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அவை கலைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பார்னின் கண், ஆங்கில நிலக்காட்சி ஓவியத்தில் பழகிய கண். ஆகவேதான் மரமும் நீரும் முன்னால் அமைந்த காஷ்மீரப் பள்ளத்தாக்கு அவருக்கு எளிதில் வசப்பட்டது. மரமற்ற பனிச்சரிவோ அந்தச் சட்டகத்துக்குள் அடங்க மறுத்தது. அந்த மறுப்பு தெரியும் படங்களையே நான் அவருடைய சிறந்த படங்களாகக் கருதுகிறேன்.