வீட்டில் கையாலேயே தைக்க, குவில்ட் போட, காகித வேலை செய்ய ஆசை. தையல் மெஷின் இல்லை. எதில் தொடங்கலாம்?

பீரோவைத் திறந்து, நைந்துபோன பருத்திச் சேலை ஒன்றை எடுங்கள். அதில் தொடங்குங்கள். குவில்ட், அதாவது துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை, என்றதும் பலர் இணையத்தில் துணித் துண்டுகளும் பஞ்சு விரிப்பும் தேட ஆரம்பிக்கிறார்கள். புதுத் துணி விறைப்பாக இருக்கும், விலையும் அதிகம், ஊசி எளிதாக இறங்காது, கத்தரிக்கவே கை வராது. பத்து வருடம் துவைத்துக் காய்ந்த சேலையில் ஊசி வெண்ணெயில் போவது போலப் போகும். முதல் முறை தைப்பவருக்கு இதைவிட நல்ல துணி கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்கு இது வாய்த்தது என் அப்பத்தாவால். 2017-ல் அவர் போனபோது ஒரு டிரங்குப் பெட்டியில் ஒன்பது சேலைகள் இருந்தன, பெரும்பாலும் மதுரைச் சுங்குடி. யாரும் கட்டப்போவதில்லை, வெளியே கொடுக்கவும் மனமில்லை. அடுத்த வருடம் தங்கை உண்டாகியிருந்தாள். "பிறக்கிற பிள்ளைக்குப் பழந்துணிதானே போடுவோம், அந்தச் சேலையிலேயே ஏதாவது தச்சுக் கொடு" என்றார் அம்மா. அதுவரை பட்டன் தைத்ததைத் தவிர எனக்குத் தையல் அனுபவம் இல்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. சேலை சுமார் ஐந்தரை மீட்டர் நீளம், ஒன்றே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். அதை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் ஏறக்குறைய 1.8 மீட்டர் வருகிறது. அதாவது ஆறடி நீளம், நான்கடிக்குச் சற்றுக் குறைவான அகலம், மூன்று அடுக்கு. வெட்டவே வேண்டாம், ஒட்டுப் போட வேண்டாம், ஒரே சேலையில் பிள்ளைக்கு ஒரு போர்வை. கட்டில் அளவுக்கு வேண்டுமென்றால் மூன்று சேலை எடுத்து, ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி, இரண்டு பாதிகளையும் பக்கவாட்டில் சேர்த்துத் தையுங்கள். இரண்டே முக்கால் மீட்டருக்கு இரண்டேகால் மீட்டர் அளவில் மூன்று விரிப்புகள் கிடைக்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இருவருக்குப் போதும். ஆனால் இது இரண்டாவது வேலையாக இருக்கட்டும்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் தவறினேன். பெட்டியிலிருந்த சிவப்புச் சுங்குடி ஒன்று அப்பத்தா அதிகம் கட்டாதது. பார்க்கப் பழசு, ஆனால் அவ்வளவாகத் துவைக்கப்படாதது. அதை மேலே வைத்து, அடியில் தாத்தாவின் வெள்ளை வேட்டியை வைத்துத் தைத்தேன். முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கி வேட்டி முழுக்கத் திட்டுத்திட்டாக ரோஸ் நிறமாகிவிட்டது. மூன்று வார வேலை. அழுதேவிட்டேன். அதனால் சொல்கிறேன்: சேலையின் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் துளி நிறம் ஒட்டினாலும் அந்தச் சேலையைத் தனியாகப் பல முறை துவைத்து, திரும்பச் சோதித்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

இன்னொரு சோதனை, பருத்திதானா என்பது. ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவி, எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, காகிதம் கருகிய வாசனையோடு பொடிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கடினமான மணியாகத் திரளும். பாலியெஸ்டர் கலந்தது வேர்வையை உறிஞ்சாது, நம் ஊர் வெயிலுக்குப் பிள்ளைக்கு ஆகாது. பட்டும் வேண்டாம். பழைய பட்டு மடிப்பு மடிப்பாகக் கிழியும், அதைத் தைப்பது வீண் உழைப்பு.

அடுக்குவதற்குத் தரையைப் பெருக்கித் துடைத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் மேல் அடுக்கு பறந்துகொண்டே இருக்கும். இஸ்திரி போட்ட சேலையை விரித்து, மூன்றாக மடித்து, இரண்டு பேர் எதிரெதிர் முனையில் உட்கார்ந்து இழுத்து நேர் செய்வது நல்லது. கிழிசலோ ஓட்டையோ உள்ள பகுதி நடு அடுக்கில் போய்விடுமாறு மடியுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, ஒரு சாண் இடைவெளியில், பெரிய பெரிய தையலாக ஓட்டிப் பிடித்துவிடுங்கள். இது பிறகு பிரித்துவிடும் தையல்தான், அழகு தேவையில்லை. ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் சுருக்கமெல்லாம் நடுவில் சேர்ந்து ஒரு மேடாகிவிடும். குண்டூசி போதாதா என்று கேட்பீர்கள். போதாது. மடியில் போட்டுத் தைக்கும்போது குண்டூசி தொடையில் குத்தும், இல்லையென்றால் கழன்று பாயில் விழும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அது ஆபத்து.

அப்புறம் உண்மையான தையல். வெறும் ஓட்டுத்தையல்தான்: ஊசி கீழே போய் மேலே வருவது, அவ்வளவே. கண் சற்றுப் பெரிதாக உள்ள எம்பிராய்டரி ஊசி வாங்குங்கள், நூலும் எம்பிராய்டரி நூலே. அதில் ஆறு இழை இருக்கும், மூன்று இழையை மட்டும் பிரித்துக் கோர்த்துக்கொள்ளுங்கள். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள். திரும்பத் திரும்பக் கோர்க்கச் சோம்பல்பட்டு நீளமாக எடுத்தால் சிக்கு எடுப்பதிலேயே பொழுது போகும். முடிச்சை மேலே விடாமல், லேசாகச் சுண்டி இழுத்து அடுக்குகளுக்கு நடுவே இறக்கிவிடுங்கள். நடு விரலில் மாட்டிக்கொள்ள ஒரு உலோகத் தொப்பி தையல் சாமான் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். முதல் நாளே வாங்கிவிடுங்கள், ஊசியின் பின்முனை விரலில் குழி போட்ட பிறகு வாங்காதீர்கள்.

கோடு போட அடிக்கோலும் சாக்பீஸும் வேண்டியதில்லை. கட்டம் போட்ட சேலை என்றால் கட்டமே வழிகாட்டி. சுங்குடியில் புள்ளிகள் இருக்கின்றன. அசல் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியதால் வந்தது. மதுரையில் சௌராஷ்டிரர்கள் தலைமுறைகளாகச் செய்துவந்த வேலை அது, 2005-ல் புவிசார் குறியீடும் பெற்றது. நான் புள்ளி வரிசையைப் பிடித்துக்கொண்டே தைத்தேன். யாரோ ஒரு அம்மா முடிச்சுப் போட்ட இடத்தின் பக்கத்தில் என் ஊசி இறங்குகிறது என்ற நினைப்பு பல இரவு என்னை எழுந்திருக்க விடாமல் உட்கார வைத்தது.

இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு வரி என்றால் மொத்தம் நாற்பத்தைந்து வரி வரும். எனக்கு ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. தினம் ஒரு வரி என்றால் ஒன்றரை மாதம். பயப்படாதீர்கள், பத்தாவது வரிக்குப் பிறகு கை தானாகப் போகும், பேசிக்கொண்டே தைக்கலாம். கோடு வளையும், தையல் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் விழும். பிரிக்காதீர்கள். துவைத்த பிறகு நூல் லேசாகச் சுருங்கி, துணி முழுக்கச் சின்னச் சின்ன அலை எழும்பும். அந்த அலையில் கோணல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

என் கோணல் வரிகளைப் பார்த்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் மற்ற ஊர்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். வங்காளத்துக் காந்தா இதே ஓட்டுத்தையல்தான். அந்தக் காலத்தில் நூல்கூட வாங்காமல் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்களாம். மகாராஷ்டிரத்தில் கோதடி. ஆனால் என் மனதைப் பிடித்தது கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வை. அவர்கள் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிக்கிறார்கள். கிடைத்த துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே போகிறார்கள். நான்கு மூலையிலும் பூ என்று சொல்லி மடித்த துணி முக்கோணங்களைப் பொருத்துகிறார்கள். அது இல்லாத கவந்தி அம்மணமாக இருப்பதாக நினைப்பார்களாம்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே வயல் வேலைக்குப் போட்டுத் தேய்ந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் கிழித்துக் குளிருக்குக் குவில்ட் போட்டார்கள். முழங்கால் தேய்ந்த இடமும் பாக்கெட் பிரித்த தடமும் அப்படியே தெரியும். 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள், பிறகு நியூயார்க்கிலும். 2006-ல் அமெரிக்கத் தபால்தலையிலேயே வந்தன. அந்தப் படங்களில் ஒரு கோடும் நேராக இல்லை. அதைப் பார்த்த பிறகு நான் ஒரு தையலைக்கூடப் பிரித்ததில்லை.

ஓரம் முடிப்பதற்குச் சேலையின் கரையே போதும். நைந்த இன்னொரு சேலையிலிருந்து மூன்று விரல் அகலத்துக்குக் கரையை வெட்டி, போர்வையின் விளிம்பை இரண்டு பக்கமும் மூடுவது போல மடித்துத் தைத்துவிடுங்கள். பழைய சேலையில் கடைசி வரை உழைப்பது கரைதான், நெசவு அங்கே நெருக்கமாக இருக்கும். மெஷின் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நைந்த மூன்று அடுக்கு மெஷினில் நகர்ந்து நகர்ந்து சுருங்கும், நெருக்கமான தையல் பழந்துணியை வரிசையாகத் துளைத்தும் விடும். இதற்குக் கைதான் சரி.

காகித வேலையிலும் என் யோசனை இதேதான், வீட்டில் இருப்பதில் தொடங்குங்கள். மூங்கில் முறத்தின் இடுக்கை அடைக்கக் காகிதமும் வெந்தயமும் அரைத்து மெழுகுவதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்து பார்த்திருப்பீர்கள். அதே கூழில் கிண்ணமும் பெட்டியும் செய்யலாம். அரை கிலோ பழைய நோட்டுத் தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவையுங்கள், தினம் தண்ணீர் மாற்றுங்கள். ஐம்பது கிராம் வெந்தயத்தைத் தனியாக ஓர் இரவு ஊறவைத்து மைய அரைத்து, பிழிந்த தாளையும் சேர்த்து அரையுங்கள். வெந்தயத்தின் வழவழப்புதான் பசை, அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது என்பார்கள். ஒரு எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, அரை விரல் தடிமனுக்குக் கூழை அப்புங்கள். முதல் நாள் நிழலில், அப்புறம்தான் வெயிலில். நேராக வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். காய்ந்ததும் பாத்திரத்திலிருந்து கழற்றி, பழைய துணியை ஒட்டிவிட்டால் நூல் வைக்க நல்ல பெட்டி. செய்தித்தாளில் செய்தால் மை இருக்கும், அதில் தின்பண்டம் வைக்காதீர்கள்.

பள்ளி நோட்டுகளில் மிஞ்சும் வெற்றுத் தாள்களும் கிடக்கும். எட்டுத் தாளை நடுவில் மடித்து, மடிப்பில் மூன்று ஓட்டை போடுங்கள். நடு ஓட்டையில் உள்ளிருந்து வெளியே வாருங்கள், மேல் ஓட்டையில் உள்ளே போங்கள், நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டையில் வெளியே வாருங்கள், திரும்ப நடுவில் உள்ளே போய், நீள நூலின் இரு பக்கமும் இருக்கும் இரண்டு முனைகளையும் அதற்கு மேலே முடிச்சிடுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு குட்டி நோட்டு. பிள்ளைகளோடு செய்ய இதைவிட எளிய வேலை எனக்குத் தெரியாது. போர்வை தைக்கும் அதே ஊசி இதற்கும் ஆகும், ஆனால் காகிதம் முனையை மழுக்கிவிடும் என்பதால் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

துவைப்பதைப் பற்றி: குளிர்ந்த நீரில் கையால் அலசுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், கொடியில் இரண்டாக மடித்துப் போடாமல் பாயில் விரித்துக் காயப்போடுங்கள். கரைதான் கடைசியில் நையும் என்று சொன்னேன், நடுப்பகுதி அதற்கு முன்பே இரண்டு மூன்று இடத்தில் கிழியும். அப்போது மேலே ஒரு துண்டை வைத்து அதே ஓட்டுத்தையலைப் போடுங்கள். தங்கை மகன் இப்போது பள்ளிக்குப் போகிறான். ரோஸ் திட்டு விழுந்த அந்த முதல் போர்வைதான் இன்றும் அவனுக்கு வேண்டும். அதில் இதுவரை நான்கு ஒட்டு போட்டிருக்கிறேன், நான்காவது அவனுடைய முதல் வகுப்புச் சட்டையின் பாக்கெட்.