ரோட்டோரச் செடியும் ரவிக்கைக் கையும்: கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊரில் ஆரி வேலையும் கோலமும் சொல்லித் தருகிறேன். "புது டிசைன் எங்கே கிடைக்கும்?" என்று கேட்காத ஆள் இல்லை. "வீட்டுக்குப் பின்னால்" என்பேன், சிரிப்பார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, ரோட்டோரப் புதரில் ஊதாவாகப் பூக்கும் செண்டுடுக் பூவைப் பார்த்து அப்படியே வரைந்தேன். தைத்ததும் பார்க்க முடியவில்லை. ஏன்?

நானும் அதில் மாட்டியிருக்கிறேன். ஒரு கல்யாண ரவிக்கையில் முழுப் பூவையும் ஏற்றினேன். பெண்ணின் அத்தை வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, நசுங்கின கத்தரிக்காயா?" என்றார். பூவை முழுசாக எடுத்தால் அப்படித்தான் ஆகும். ஏதாவது ஒன்றை மட்டும் எடுங்கள்.

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான இலைகளில் நடு நரம்பிலிருந்து பக்கவாட்டில் கிளை பிரியும். இதில் காம்புப் பக்கத்திலிருந்தே மூன்றோ ஐந்தோ நரம்புகள் கிளம்பி, வளைந்து, நுனியில் போய்ச் சேரும். அந்த வளைகோடுகளைச் சங்கிலித் தையலில் போட்டால் போதும், ஒரு இலை தயார். பூவுக்குள் ஐந்து கேசரம் (மகரந்தத் தாள்) ஊதாவில் நீளமாக, அரிவாள் போல வளைந்திருக்கும். ஐந்து மஞ்சளில் குட்டையாக இருக்கும். அந்த அரிவாளை மட்டும் கழுத்தோரம் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். இதன் பழத்தைத் தின்று நாக்கு கறுத்தவர்களுக்குச் செடியை அடையாளம் காட்டத் தேவையில்லை.

எனக்கு வரையவே வராது, ஆண்ட்டி. நான் எப்படி ஆரம்பிப்பது?

வரைய வேண்டாம். இலையை நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மெல்லிய தாளைப் போட்டுப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். நரம்பு தானாக எழும். டிரேசிங் தாளில் எடுத்து ஊசியால் துளையிட்டால் துணிக்கு மாற்றிவிடலாம். செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத் தண்டில் தொற்றி வளரும் பெரணியில் ஆரம்பியுங்கள். அடிப்பக்கம் வரிசையாகப் பழுப்புப் பொட்டு இருக்கும். மணி எங்கே கோப்பது என்பதை அதுவே சொல்லிவிடும்.

தீபாவளிக்கு மயில், தாமரை தவிர வேறு கோலம் உண்டா?

செம்பனை மரம் இருக்கிறதே! வெட்டிய மட்டையின் அடிக்கட்டைகள் தண்டில் சுருளாக ஏறும். ஒரு பக்கச் சாய்வில் எண்ணினால் 8 சுருள், எதிர்ச் சாய்வில் 13. தோட்டத்தில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், எவ்வளவு உரம் போடுவது என்று பார்க்க 17-ஆவது மட்டையில் இலை எடுப்பார்கள். உச்சியில் புதிதாக விரிந்த மட்டைதான் 1. 1, 9, 17 என்று எட்டு எட்டாகத் தாவினால் ஒரே சுருளில் அந்த மட்டைக்கு வந்துவிடலாம். இடமாகச் சுற்றும் மரமும் உண்டு, வலமாகச் சுற்றும் மரமும் உண்டு.

கோலத்துக்கு ஒரு பெரிய வட்டம் போடுங்கள். நடுவிலிருந்து 13 வளைவு ஒரு பக்கமாக, 8 வளைவு எதிர்ப்பக்கமாக இழுங்கள். வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் சாய்சதுரம் விழும், வெளியே போகப் போகப் பெரிதாகும். சாயம் ஏற்றிய அரிசியை அதில் நிரப்புங்கள். மூன்று நிறத்துக்கு மேல் போகாதீர்கள், சுருள் மறைந்துவிடும்.

மலாய்க்காரர்களின் புச்சோக் ரெபோங்கை நம் ரவிக்கையில் போடலாமா?

தாராளமாக. சொங்கெட் என்ற மலாய் ஜரிகைத் துணியில் வரும் அந்த முக்கோணம் மூங்கில் குருத்து. காஞ்சிபுரச் சேலைக் கரையில் வரும் தாழம்பூ ரேக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதிலும் கூர்முனைதான் வரிசையாக நிற்கும். அவர்கள் மூங்கிலைப் பார்த்தார்கள், நம்மவர்கள் தாழையைப் பார்த்தார்கள்.

நிறம் சேர்ப்பதுதான் எனக்குத் தகராறு.

ரப்பர் கொட்டை பொறுக்கி வாருங்கள். வெயிலில் காய் 'பட்'டென்று வெடிக்கும், மூன்று கொட்டை தெறிக்கும். மேலே பழுப்பு, சாம்பல், கருந்திட்டு. கொட்டையின் ஓடு தாய்மரத்தின் பங்கு. அதனால் ஒரே மரத்துக் கொட்டைகளெல்லாம் ஒரே சாடையில் இருக்கும், அடுத்த மரத்துடையது வேறாக இருக்கும். அதை வைத்தே என்ன ரகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. மூன்று மரத்திலிருந்து பத்துப் பத்துக் கொட்டை எடுத்துத் துடைத்து, நூல்கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். என் பழுப்புச் சேலை வேலைக்கெல்லாம் நூல் அப்படித்தான் எடுத்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், விடுங்கள்.

தோட்டத்துக்குள் போக பயமாக இருக்கிறதே?

உள்ளே போகாதீர்கள், ரோட்டோரமே போதும். வெட்டிப்போட்ட மட்டைக் குவியலில் மட்டும் கை விடாதீர்கள், பாம்பு படுத்திருக்கும். இலைகள் கருகிச் சுருண்டிருந்தால் மருந்து அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், தொடாமல் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.