இரவு 8 மணிக்கு அழைப்பு வராவிட்டால்

வணக்கம். போர்ச் சூழல் உள்ள ஒரு நாட்டுக்கு ஆறு பொறியாளர்களை ஓராண்டுப் பணிக்கு அனுப்புகிறோம். காப்பீடு எடுத்தாகிவிட்டது, சாட்டிலைட் போனும் கொடுத்தாகிவிட்டது. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?
– மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காப்பீட்டுப் பத்திரத்தில் விலக்குகள் பக்கத்தை முதலில் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு போரைப் பெரும்பாலும் ஏற்காது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சாட்டிலைட் போனுக்குத் திறந்த வானம் வேண்டும், அறைக்குள் எடுக்காது. அனுமதியில்லாமல் வைத்திருந்தால் கைது செய்யும் நாடுகளும் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. காலை 8, இரவு 8 என இரண்டு வேளை ஒவ்வொருவரும் 'நலம்' சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவு ஒருவரிடமிருந்து தகவல் இல்லை. 'தூங்கியிருப்பார், காலையில் பார்க்கலாம்' என்று விடுவதில்தான் பொன்னான நேரம் போகிறது. 8.15க்கு அவரையே அழையுங்கள். 8.30க்கு உடன் தங்கியிருப்பவர், ஓட்டுநர், விடுதிக் காவலாளி. 9 மணிக்கு முடிவெடுப்பவரை எழுப்பியாக வேண்டும். பணம் செலவழிக்க இன்னொருவரிடம் கையெழுத்துக்கு நிற்காதவராக அவர் இருக்கட்டும். 10 மணிக்குள் தூதரகமும் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணும். பெயரும் எண்ணும் போட்டு எழுதிவையுங்கள்.

கிளம்பும் முன் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி பதில்களை ஒட்டிய உறையில் வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது கடத்தப்பட்டால், அவர் உயிரோடிருக்கிறாரா என்று கேட்டறிய அதுதான் வழி. முகநூலில் தேடினால் கிடைக்கும் பதில் உதவாது.

2023 ஏப்ரல் 15 அன்று சூடான் தலைநகர் கார்ட்டூமில் சண்டை மூண்டதுமே விமான நிலையம் முடங்கியது. பலர் 800 கிலோமீட்டர் சாலையில் போய் போர்ட் சூடானில் கப்பல் ஏறினார்கள். விசாவுக்காகக் கடவுச்சீட்டைத் தூதரகங்களில் கொடுத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். ஆகவே கடவுச்சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும், டாலர் நோட்டும் கொஞ்சம். வண்டியின் டாங்க் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது.

2012 ஜூன் 29 அன்று கென்யாவின் டடாப் அகதி முகாமில் நார்வே அகதிகள் கவுன்சில் என்ற தொண்டு நிறுவனத்தின் வண்டிகள் தாக்கப்பட்டன. நான்கு ஊழியர்களைக் கடத்திப் போனார்கள். ஆயுதக் காவல் இல்லாமல் போகலாம் என்று நிறுவனம் முன்பே முடிவெடுத்திருந்தது. 2015இல் ஆஸ்லோ நீதிமன்றம் நிறுவனத்தின் கடும் அலட்சியம் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தாக்குதலில் உயிரிழந்தவர் ஓட்டுநர், உள்ளூர்க்காரர்.

உங்கள் கடிதத்தில் ஆறு பொறியாளர்கள் இருக்கிறார்கள், அவர்களின் ஓட்டுநர் இல்லை. அவர் பெயரையும் காப்பீட்டில் சேருங்கள். இரவு 8 மணிப் பட்டியலிலும்.