விசாரணை முடிந்தும் பிளானிங் போர்டு ஏன் வாக்கெடுக்கவில்லை?

பொது விசாரணை முடிந்து இரண்டு கூட்டம் போயும், ஊரில் கட்டுமானத் திட்டங்களை அனுமதிக்கும் பிளானிங் போர்டு உங்கள் உணவகத்தின் சைட் பிளானுக்கு (மனையில் எது எங்கே அமையும் என்று காட்டும் திட்டம்) வாக்கெடுக்காததற்கு, அன்று எதிர்த்துப் பேசியவர்கள் காரணமாக இருக்காது. பெரும்பாலும் கவுண்டியின் (ஊருக்கு மேலுள்ள மாவட்ட நிர்வாகம்) பதில் வந்திருக்காது.

நியூயார்க்கில் மனை மாநில அல்லது கவுண்டி சாலையிலிருந்து 500 அடிக்குள் இருந்தால், பொதுவாகக் கோப்பு கவுண்டிக்குப் போயாக வேண்டும். அவர்களுக்கு 30 நாள் அவகாசம். பதிலும் வராமல் கெடுவும் முடியாமல் போர்டு வாக்களித்தால் அனுமதியே செல்லாமல் போகலாம். தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

போர்டு கிளார்க்கிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "முழு விண்ணப்பமும் எந்தத் தேதியில் கவுண்டிக்குப் போனது?" நான் பார்த்த ஒரு கோப்பில் மழைநீர் வடிகால் வரைபடம் மட்டும் விடுபட்டு, 30 நாள் கணக்கு தொடங்கவே இல்லை.

கவுண்டி மறுத்தால் சாதாரணப் பெரும்பான்மை போதாது, இன்னும் ஒரு ஓட்டு வேண்டும். சுற்றுச்சூழல் ஆய்வு பாக்கி இருந்தாலும் வாக்கெடுப்பு நடக்காது.