பயம் வந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

கேள்வி: ஐயா, என் கணவர் வேலை செய்யும் இடத்தில் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். வைத்தியச் செலவுக்கு இரண்டு குழுக்கடன் வாங்கினேன், இப்போது வாரத் தவணை கட்ட முடியவில்லை. வசூலுக்கு வருகிறவர்கள் ராத்திரியிலும் வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பைக் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. "விசுவாசம் இருந்தால் பயம் வராது" என்கிறார்கள் தெரிந்தவர்கள். எனக்கு விசுவாசம் இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இருக்கிறது சகோதரி. வேதாகமத்தில் நெகேமியா 2-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். நெகேமியா பெர்சிய ராஜாவின் அரண்மனையில் வேலை செய்த யூதர். உன் முகம் ஏன் துக்கமாயிருக்கிறது என்று ராஜா கேட்டபோது, "நான் மிகவும் பயந்து" என்று நெகேமியாவே எழுதி வைத்திருக்கிறார். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேட்டு அழுது, உபவாசமிருந்து, இரவும் பகலும் மன்றாடிய மனிதர் அவர். யூதர்களின் கிஸ்லேவு மாதம் தொடங்கிய ஜெபம் அது, ராஜா கேட்டதோ நிசான் மாதத்தில், நடுவில் ஏறக்குறைய நாலு மாதம். அவ்வளவு ஜெபித்தும் பயம் வந்தது. அந்தப் பயத்தோடேயே, ராஜாவின் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் மனதுக்குள் ஒரு ஜெபம் பண்ணிவிட்டு, தனக்கு வேண்டியதைக் கேட்டார், அதுவும் எப்படி, வழியில் உள்ள அதிபதிகளுக்குக் கடிதம், மரம் கொடுக்கச் சொல்லி வனக்காவலன் ஆசாப்புக்கு ஒரு கடிதம் என்று தெளிவாக.

எருசலேமுக்குப் போனதும் ராத்திரியில் எழுந்து இடிந்த மதிலைச் சுற்றிப் பார்க்கிறார், ஓரிடத்தில் அவர் ஏறிப்போன மிருகம் நுழையக்கூட வழியில்லை. அத்தனை இடிபாட்டையும் பார்த்த பிறகுதான் "கட்டுவோம் வாருங்கள்" என்கிறார். நீங்களும் எந்தக் குழுவில் எவ்வளவு பாக்கி, எந்தக் கிழமை தவணை என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எழுதும்போது கை நடுங்கினாலும் பரவாயில்லை.

அப்புறம், எதிரிகள் கூட்டம் சேர்க்கிறார்கள் என்று தெரிந்ததும் நெகேமியாவும் மதில் கட்டினவர்களும் ஜெபமும் பண்ணினார்கள், காவலும் வைத்தார்கள், இரண்டும் ஒரே வசனம் (4:9). உங்கள் வாசலுக்கும் காவல் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிப்படி, அதன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கடன் வாங்கியவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது, மிரட்டவும் கூடாது. ராத்திரி யாராவது வந்தால் தேதியையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். நிறுவனத்திடம் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள், அங்கே கேட்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் விசாரியுங்கள். தவணையைத் தள்ளிப்போடவும் எழுதியே கேளுங்கள். இதையெல்லாம் செய்வது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. அந்த மதில் 52 நாளில் முடிந்ததைப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம், நடுவில் வரும் 5-ம் அதிகாரத்தை அவ்வளவாகக் கேட்பதில்லை. நிலத்தையும் வீட்டையும் அடமானம் வைத்துத் தானியம் வாங்கினோம் என்று ஜனங்கள் முறையிடுகிறார்கள், பெண்களும் சேர்ந்தே. பயப்படாதே, விசுவாசி என்று சொல்லி நெகேமியா அவர்களை அனுப்பிவிடவில்லை. கடன் கொடுத்த பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டு, நிலங்களைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். அதனால் இதை மூடி மறைக்காமல் உங்கள் போதகரிடமும் பெண்கள் ஐக்கியத்திலும் நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லுங்கள். கடன் அலுவலகத்துக்குத் தனியாகப் போக வேண்டாம், சபையிலிருந்து ஒருவரைக் கூட வரச் சொல்லிக் கேளுங்கள்.